பழங்குடிச் சமூகத்துடன் சதுப்பு நில ஆய்வு: ஒப்புதல், கள முறை, தரவு பற்றி வழிகாட்டல் தேவை

நீர்த்தடம் (கேள்வி)

வணக்கம். ஆற்றோரச் சதுப்பு நிலம் ஒன்றில் மீன்வளமும் நீரின் தரமும் எப்படி மாறிவருகின்றன என்று பார்க்கும் 18 மாதத் திட்டம். அந்த நிலத்தைத் தலைமுறைகளாகப் பயன்படுத்திவரும் பழங்குடிச் சமூகத்துடன் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது நிதி தருபவர்களின் நிபந்தனை. எங்கள் விருப்பமும் அதுவே.

வரைவு இப்போது இப்படி இருக்கிறது: முதல் இரண்டு மாதம் அனுமதிகள். அடுத்த நான்கு மாதம் 120 வீடுகளில் 60 கேள்விகள் கொண்ட கணக்கெடுப்பு. கட்டம் போட்டுத் தேர்ந்த 12 இடங்களில் மாதம் ஒருமுறை நீர் மாதிரி. மீன்பிடி இடங்களின் ஜி.பி.எஸ். வரைபடம். முடிவில் எல்லாத் தரவும் பொதுக் களஞ்சியத்தில்.

ஒப்புதலை எப்போது, யாரிடம் பெறுவது? கணக்கெடுப்புதான் முதல் கருவியா? அவர்கள் சொல்வதும் எங்கள் அளவீடும் முரண்பட்டால் என்ன செய்வது? தரவை முழுக்கத் திறந்து வைக்கலாமா? பல்கலைக்கழக நெறிக்குழுவின் ஒப்புதல் படிவம் கையில் இருக்கிறது. அது போதுமா என்பதிலும் சந்தேகம்.

---

கரைநடை

படிவம் தேவைதான், ஆனால் போதாது. அது தனிமனிதரின் சம்மதத்துக்காக எழுதப்பட்டது. மீன் முட்டையிடும் மடு எங்கே இருக்கிறது என்ற அறிவு ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஒருவர் கையெழுத்தில் அது ஊரைவிட்டு வெளியே போய்விடக் கூடாது. ஆகவே முதலில் சமூகத்தின் ஒப்புதல், பிறகு பேச வரும் ஒவ்வொருவரின் ஒப்புதல். ஒன்று கிடைத்துவிட்டால் மற்றது வேண்டாம் என்று ஆகாது: ஊர் சம்மதித்த பிறகும் ஒருவர் 'நான் பேசமாட்டேன்' என்று சொல்லலாம். 2007இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரம் அறிந்த ஒப்புதலை வலியுறுத்துகிறது. உங்கள் வரைவிலோ கேள்வி, கருவி, மாதிரி எண்ணிக்கை எல்லாம் முடிவான பிறகுதான் சமூகம் உள்ளே வருகிறது. முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

முதல் நான்கு மாதம் தரவு எதுவும் எடுக்காதீர்கள். அந்தக் காலத்துக்கான வேலைகள் வேறு.

யார் முடிவெடுப்பவர் என்று கண்டறிவது முதல் வேலை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று இருக்கும், மரபுவழித் தலைமை தனியாக இருக்கும், பெண்கள் மட்டும் பயன்படுத்தும் நீர்ப்பகுதி இருக்கலாம், பருவத்துக்கு மட்டும் வந்து மீன்பிடிக்கும் அண்டைக் குழு இருக்கலாம். 'இந்தத் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்க யாரைக் கேட்க வேண்டும்?' என்று வெவ்வேறு நிலையில் உள்ள மூன்று நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பட்டியல்கள் ஒத்துப்போகாத இடத்தில்தான் பிற்பாடு சிக்கல் முளைக்கும். அங்கே அவசரப்படாதீர்கள்.

அடுத்தது விளக்கக் கூட்டம். நன்மையைச் சொல்லும் அளவுக்கு ஆபத்தையும் சொல்ல வேண்டும். நீரில் பாதரசம் இருப்பதாக முடிவு வந்தால் அவர்கள் பிடிக்கும் மீனை யாரும் வாங்காமல் போகலாம். மீன் குறைகிறது என்று நிரூபணமானால் அரசு மீன்பிடித் தடை கொண்டுவரலாம். இவற்றைச் சொல்லாமல் வாங்கும் சம்மதம் விவரம் அறிந்த சம்மதமே அல்ல. விளக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி விடுங்கள், அவர்கள் உங்களை வைத்துக்கொள்ளாமல் தங்களுக்குள் பேச வேண்டும். வருகைப் பதிவேட்டில் வாங்கிய கையெழுத்தை ஒப்புதலாகக் காட்டும் பழக்கம் பல திட்டங்களைச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறது; வருகைத் தாளின் தலைப்பிலேயே 'இது ஒப்புதல் அல்ல' என்று எழுதிவிடுங்கள். கூட்டம் மீண்டும் மீண்டும் தள்ளிப்போனால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

ஒப்புதல் கிடைத்ததும் ஓர் எழுத்து ஒப்பந்தம். நாலைந்து பக்கம் போதும், அவர்கள் மொழியில், ஒலிப்பதிவாகவும். ஆய்வுக் கேள்வி என்ன, எதையெல்லாம் ஆராயக் கூடாது, தரவு யாரிடம் இருக்கும், வெளியிடும் முன் அவர்கள் பார்க்க எத்தனை நாள் (30 நாள் குறைவு, 60 வையுங்கள்), ஆசிரியர் பட்டியலில் யார் பெயர், மாதிரிகள் முடிவில் என்ன ஆகும், தகராறு வந்தால் யார் தீர்ப்பது, நடுவில் நிறுத்தச் சொன்னால் எப்படி நிறுத்துவது. கடைசி இரண்டையும் எழுதாமல் விடுபவர்களே அதிகம்.

மாதிரிகள் பற்றிய வரியை அலட்சியமாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹவாசுபாய் மக்களின் வழக்கு போதும். 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த இரத்த மாதிரிகள் மனச்சிதைவு, உள்மண உறவு, பண்டைய இடப்பெயர்ச்சி ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் போயின. 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் சமரசம் ஏற்பட்டு, 7 லட்சம் டாலரும் மிச்சமிருந்த மாதிரிகளும் அவர்களுக்குத் திரும்பின. உங்கள் மீன் தசை மாதிரிக்கும் இதே விதிதான்: எதற்குக் கேட்டீர்களோ அதற்கு மட்டும். புதுப் பயன்பாடு என்றால் புது ஒப்புதல்.

---

மடுவும் மேடும்

கரைநடை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் களக் கருவிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

60 கேள்விக் கணக்கெடுப்பை முதலில் வைக்காதீர்கள். எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. 'மீன்' என்று நீங்கள் ஒரே கட்டத்தில் போடுவதை அவர்கள் வலை, பருவம், நீரோட்டம் என்று வேறு வகையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அந்தப் பிரிவு தெரியாமல் எடுத்த 120 படிவத்தில் பாதி பதில்கள் உங்கள் கேள்விக்குப் பொருந்தச் சொன்னவையாக இருக்கும்.

தொடக்கம் தடையில்லாப் பட்டியல். 20 முதல் 30 பேரிடம் தனித்தனியே ஒரே கேள்வி: 'இந்தத் தண்ணீரில் என்னென்ன மீன் உண்டு?' சொல்லும் வரிசையிலேயே எழுதுங்கள், நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். எது பலர் வாயிலும் முதலில் வருகிறதோ அது அவர்கள் வாழ்வில் முக்கியமானது. கடைசி ஐந்தாறு பேர் புதுப் பெயர் எதுவும் சேர்க்கவில்லை என்றால் பட்டியல் நிறைந்துவிட்டது. வயதானவர்கள் மட்டும் சொல்லி இளையவர்கள் சொல்லாத மீன்களைத் தனியே குறியுங்கள். அவை அருகிப்போனவையாக இருக்கலாம், அல்லது அந்த வகை வலையையே யாரும் இப்போது வீசுவதில்லை என்பதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய அடுத்த கேள்வி தேவை.

பருவ நாட்காட்டி. பன்னிரண்டு மாதக் கட்டம் போட்ட தாளை நீட்டாதீர்கள். எந்தப் பூ பூக்கும்போது எந்த மீன் ஏறும், எந்தக் காற்றுக்குப் பிறகு தண்ணீர் கலங்கும் என்று அவர்களின் அடையாளங்களிலிருந்து தொடங்கி, மாதங்களைக் கடைசியில் பொருத்துங்கள். பருவம் முன்னும் பின்னும் நகர்ந்திருந்தால் அது இந்த முறையில்தான் தெரியும்.

பழைய நிலையைக் கேட்கும்போது ஆண்டு எண்ணைக் கேட்பது வீண். பெருவெள்ளம், பாலம் கட்டியது, மூத்த மகள் பிறந்தது என்று நினைவில் நிற்கும் நிகழ்ச்சியோடு கட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு தலைமுறையும் தான் பார்த்த தொடக்கத்தையே இயல்பு என்று கொள்ளும் போக்கை மீனியலாளர் டேனியல் பாலி 1995இல் எழுதிக் காட்டினார். அதனால் 20–35, 35–55, அதற்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்தே பகுத்தாய வேண்டும். மொத்தமாகச் சராசரி எடுத்தால் மாற்றமே தெரியாமல் போகும்.

வரைபடம். அச்சிட்ட செயற்கைக்கோள் படம், குடியிருப்பைச் சுற்றி 1:10,000, முழு நிலத்துக்கு 1:50,000. மேலே ஒளிபுகும் தாள், நான்கு மூலையிலும் பொருத்தக் குறிகள். குறியை மறந்தால் தாளைப் பிறகு படத்தோடு சேர்க்கவே முடியாது. 1:50,000இல் பேனாவின் ஒரு மில்லிமீட்டர்க் கோடு தரையில் 50 மீட்டர், ஆகவே மெல்லிய பேனா. ஆண்கள் தனி, பெண்கள் தனி. ஒரே தாளில் போட்டால் கரையோரச் சிறுமீன், நத்தை, கிழங்கு எடுக்கும் இடங்கள் பெரும்பாலும் விடுபடும். பிறகு நடந்து சரிபார்ப்பு. கையடக்க ஜி.பி.எஸ். திறந்த வெளியில் 3–5 மீட்டருக்குள் காட்டும், அடர்ந்த மரநிழலில் 10 மீட்டருக்கு மேலும் தவறும். அங்கே ஓரிரு நிமிடம் நின்று சராசரி எடுங்கள். எல்லாக் கருவியிலும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற ஒரே இடக்குறிப்பு முறையை முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

எல்லைக்கோடு போடாதீர்கள். இரண்டு குழுக்கள் பருவம் மாற்றிப் பயன்படுத்தும் நீரைக் கோடு போட்டுப் பிரித்தால் இல்லாத சண்டையை நீங்கள் மூட்டுகிறீர்கள். பயன்பாட்டுப் புள்ளிகளும் பரப்புகளும் போதும். படத்தின் மேலேயே 'குறிக்கப்படாத இடம் பயன்படுத்தப்படாத இடம் என்று பொருளல்ல' என்று அச்சிடுங்கள். வெற்றிடத்தைக் காட்டி 'இங்கே யாரும் வருவதில்லை' என்று வாதிட்டவர்கள் உண்டு.

---

நீர்த்தடம்

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி: அப்படியானால் கட்டம் போட்ட 12 நீர் மாதிரி இடங்களை விட்டுவிட வேண்டுமா? மீன்பிடிப் பதிவேடு வைத்தால் எதைப் பதிவது?

---

மடுவும் மேடும்

முழுக்க விட வேண்டாம், பன்னிரண்டையும் இரண்டாகப் பிரியுங்கள். ஆறு இடம் அவர்கள் 'தண்ணீர் மாறிவிட்டது' என்று காட்டும் இடங்கள், ஆறு இடம் குலுக்கலில். பகுப்பாய்வில் இரண்டையும் கலக்காதீர்கள். காட்டப்பட்ட இடங்கள் பிரச்சினை உள்ள இடங்கள் என்பதால் சராசரியைக் கெடுத்துவிடும். அதே நேரம் மாசு எங்கிருந்து நுழைகிறது என்பதை அந்த ஆறுதான் சொல்லும்.

கரைந்த ஆக்சிஜனை அந்த இடத்திலேயே, விடியுமுன் அளந்துவிடுங்கள். இரவெல்லாம் செடிகளும் நுண்ணுயிர்களும் இழுத்துக்கொள்வதால் அப்போதுதான் அது அடிமட்டத்தில் இருக்கும். மதியம் அளந்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று எழுதும் அறிக்கைகள் ஏராளம். விடியலில் செத்து மிதக்கும் மீனைப் பார்த்தவர்களுக்கு அந்த அறிக்கை பொய்யாகத் தெரிவதில் வியப்பில்லை. ஈ.கோலை (மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) சோதனைக்கான மாதிரி பனிக்கட்டிப் பெட்டியில் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். சேராது என்றால் களத்திலேயே செய்யும் சோதனைப் பெட்டி வாங்குங்கள். நைட்ரேட்டுக்குக் குளிர்ச்சியில் 48 மணி நேரம் உண்டு.

மீன்பிடிப் பதிவேட்டில் வெறுங்கையோடு திரும்பிய நாளும் கட்டாயம் வர வேண்டும். அது விடுபட்டால் ஒரு வீச்சுக்கு எத்தனை மீன் என்ற கணக்கு எப்போதும் நல்லதாகவே தெரியும். வலைக்கண் அளவு, வலை நீரில் இருந்த நேரம், எத்தனை பேர், வகைவாரி எடை. இடத்தைப் பெரிய பகுதியின் பெயரால் மட்டும் எழுதினால் போதும், மடுவின் பெயர் வேண்டாம். எழுத்துப் பழக்கம் இல்லாதவர்களுக்குப் படக்குறிச் செயலி இருக்கிறது: கலஹாரியின் தடம் தேர்வோர்க்காக 1990களில் உருவான சைபர்டிராக்கர் அந்த வகை. படக்குறிகளை அவர்களே வரைந்தால் தவறு குறையும்.

---

தரவுக்காவல்

'எல்லாத் தரவும் பொதுக் களஞ்சியத்தில்' என்ற வரியை இப்பவே வரைவிலிருந்து எடுத்துடுங்க. நிதி தருபவரோட பேச வேண்டிய நேரம் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி. அப்புறம் பேசினா எதுவும் நடக்காது.

திறந்த தரவுக்கு ஃபேர் கோட்பாடுகள் (தரவைத் தேடிக் கண்டுபிடிக்க, அணுக, மத்த தரவோட சேர்க்க, மறுபடி பயன்படுத்த வசதியா வைக்கிறது) இருக்கிற மாதிரி, பழங்குடித் தரவுக்கு 2019இல் வந்த கேர் கோட்பாடுகள் இருக்கு: கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, நெறி. கனடாவின் முதல் குடிகள் 1998லேயே உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம்னு நாலையும் கேட்டு வாங்கத் தொடங்கினாங்க. நடைமுறையில தரவை மூணு கூடையாப் பிரிங்க. நீரின் தரம் மாதிரித் திறந்து வைக்கக்கூடியது, சமூகக் குழு அனுமதிச்சா மட்டும் கிடைக்கிறது, திட்டக் குழுகூட எடுத்துட்டு வரக்கூடாதது. மூணாவது கூடையில புனித இடங்கள், புதைவிடங்கள், மருந்துச் செடி செய்முறை வரும். அதைப் பூட்டி வைக்கிறதைவிடப் பதிவே செய்யாம விடறதுதான் பாதுகாப்பு. எந்தத் தரவு எந்தக் கூடைன்னு முடிவு செய்யறது அவங்க.

இடத்தை மறைக்கும்போது கவனம். உயிரினங்களைப் படம் எடுத்துப் பதிவு செய்யுற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல ஓர் இடத்தை மறைச்சா அது 0.2 பாகைக் கட்டத்துக்குள்ள, அதாவது நிலநடுக்கோட்டருகே ஏறக்குறைய 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள்ள எங்கேயோன்னு காட்டும். ஆனா அதே படத்தை வேற இடத்துல போட்டா, படக் கோப்புக்குள்ளேயே ஜி.பி.எஸ். எண் ஒட்டிக்கிட்டு இருக்கும். பகிரும் முன்னாடி அதை நீக்கணும். பின்னணியில தெரியுற பாறை, ஊர்ப் பெயர், தேதி இதெல்லாமும் காட்டிக் கொடுக்கும்.

தானியங்கி கேமரா வைச்சா மனிதர்கள் வரும் படங்களை யார் பார்க்கிறது, எப்ப அழிக்கிறதுன்னு எழுதுங்க. நீரிலிருந்து டி.என்.ஏ. எடுத்து மீன் இனம் கண்டுபிடிக்கிற முறையில மனித டி.என்.ஏ.வும் தானா வந்துடும். 2023இல் வெளியான ஆய்வு ஒண்ணு அதுலேர்ந்து வம்சாவளித் தகவல்வரை படிக்க முடியும்னு காட்டிச்சு. அதனால வரிசைப்படுத்துற ஆய்வகத்தோட ஒப்பந்தத்துல மனித வரிசைகளை உடனே வடிகட்டி அழிக்கணும்னு சேருங்க. செடி, நுண்ணுயிர் மரபு வளத்தைத் தொட்டா மரபு வளத்துல கிடைக்கிற பயனைப் பகிர்றது பற்றி 2014இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறையும் உங்க தலையில வரும்.

பெயர் மறைக்கிறதை எல்லாருக்கும் பொதுவா வைக்காதீங்க. தன் அறிவுக்குத் தன் பெயர் வரணும்னு நினைக்கிறவங்க நிறைய. படிவத்துல தனித்தனிக் கட்டமா வைங்க: பெயர் போடலாமா, படம் போடலாமா, குரலைச் சேமிக்கலாமா, வேற ஆய்வுக்குத் தரலாமா.

---

ஆழ்நீர்

மூன்றாவது கேள்விக்கு, அதாவது முரண்பட்டால் என்ன என்பதற்கு, இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதை 'நிரூபிக்க' அளவீடு என்ற அமைப்பில் வரைவு போனால் அடிப்படையே தவறிவிடும். இரண்டும் கண்காணிப்புதான். இரண்டுக்கும் கண்படாத மூலைகள் உண்டு.

அலாஸ்காவின் போஹெட் திமிங்கில எண்ணிக்கையைப் பாருங்கள். 1970களில் பனிவிளிம்பில் நின்று எண்ணிய விஞ்ஞானிகள் சில நூறு முதல் இரண்டாயிரத்துக்குள் என்று மதிப்பிட்டார்கள். அதை வைத்துச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1977இல் வேட்டையை நிறுத்தச் சொன்னது. அங்கே வேட்டையாடிவந்த இனுபியாட் பழங்குடி வேட்டைக்காரர்கள் அந்த எண்ணிக்கையை மறுத்தார்கள்: திமிங்கிலம் பனிக்கு அஞ்சி ஒதுங்குவதில்லை, அடியில் நீந்திப்போய் மெல்லிய பனியை உடைத்து மூச்சு விடும், கரையிலிருந்து தெரியாத தொலைவிலும் போகும், தெரிவதை மட்டும் எண்ணுகிறீர்கள். 1980களில் நீருக்கடி ஒலிவாங்கிகளை இறக்கியபோது, பார்வையில் படாமல் கடக்கும் திமிங்கிலங்களின் குரல் கேட்டது. கணக்கு முறையே திருத்தப்பட்டது. 2011 மதிப்பீடு சுமார் 16,900. இடையில் இனம் பெருகியதும் இதில் உண்டு. அவர்கள் சொன்னது ஒரு கருதுகோளாக மட்டும் இல்லை, எண்ணும் முறையில் எங்கே பிழை என்ற துல்லியமான குற்றச்சாட்டாக இருந்தது. அந்த அளவுக்குக் காது கொடுக்க வேண்டும்.

ஆகவே முரண் வந்தால் முதலில் பாருங்கள்: இருவரும் ஒரே இடத்தை, ஒரே பருவத்தை, ஒரே ஆழத்தைத்தான் சொல்கிறார்களா? பெரும்பாலான முரண்கள் இங்கேயே கரைந்துவிடும். கரையாதவற்றுக்குச் சேர்ந்து உட்கார்ந்து 'எதைப் பார்த்தால் நாம் இருவரும் ஏற்போம்?' என்று கேட்டு அந்த அளவீட்டை வடிவமையுங்கள். அதற்கும் பிறகு முரண் நின்றால் அறிக்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், காரணங்களோடு. ஒன்றை அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். எதையும் கேள்வி கேட்காமல் ஏற்பது மரியாதை ஆகாது. தேர்ந்த மீனவர்களே தங்களுக்குள் சளைக்காமல் வாதிடுவார்கள். அந்த வாதத்தைப் பதிவு செய்வதும் ஆய்வுதான்.

---

நீர்த்தடம்

வரைவைத் திருத்திவிட்டேன் (எண்கள் மாதங்கள்): 1–4 பேச்சும் ஒப்பந்தமும், 5–7 பட்டியல், நாட்காட்டி, வரைபடம், 6 முதல் 17 வரை நீர் மாதிரியும் மீன்பிடிப் பதிவேடும், 10இல் 25 கேள்விகள் கொண்ட சிறு கணக்கெடுப்பு, 18 அறிக்கை. சரியா?

---

கரைநடை

18இல் அறிக்கை வைத்தால் அவர்கள் பார்ப்பதற்கு ஒப்பந்தத்தில் போட்ட 60 நாள் எங்கே? அளவீட்டை 14இல் முடியுங்கள். 6இல் தொடங்கினால் ஒன்பது மாதம் கிடைக்கும், வெள்ளமும் வறட்சியும் அதற்குள் வருமா என்று அவர்களின் பருவ நாட்காட்டியோடு பொருத்திப் பாருங்கள். வராது என்றால் அறிக்கையைச் சுருக்குவதற்குப் பதில் நிதி தருபவரிடம் ஆறு மாத நீட்டிப்புக் கேளுங்கள். 15இல் முதல் முடிவுகளைக் கூட்டத்தில் காட்டி, 16–17 அவர்கள் கையில்.

பணத்தில் இரண்டு இடம் எப்போதும் குறைவாக விழும். ஒன்று, மொழிபெயர்ப்பும் எழுத்தாக்கமும்: ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுதி மொழிபெயர்க்க எட்டு முதல் பத்து மணி நேரம் எடுக்கும். 40 நேர்காணல் என்றால் ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு மாத முழுநேர வேலை. இரண்டு, உள்ளூர் ஆய்வாளர்களின் சம்பளம். வெளியிலிருந்து கூட்டிவரும் களப் பணியாளருக்கு என்ன விகிதமோ அதே விகிதம், கூட்டத்துக்கு வரும் நாளுக்கும் சேர்த்து. மீன் ஏறும் பருவத்தில் கூட்டமே வைக்காதீர்கள். அன்றைய பிடி போனால் நீங்கள் கொடுக்கும் படி அதை ஈடுகட்டாது.

ஒலிப்பதிவின் மூலக் கோப்பு முதல் நாளிலிருந்தே இரண்டு பிரதி, ஒன்று அவர்களிடம். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரம் சுமார் 350 மெகாபைட், ஆகவே ஒரு பிரதிக்கு 64 ஜி.பி. அட்டை ஒன்றே மொத்தத் திட்டத்துக்கும் போதும். திட்டத்தின் கடைசி நாளில் தருகிறோம் என்று வைத்தால், நடுவில் நிறுத்தச் சொல்லும் உரிமை அவர்களுக்குத் தாளில் மட்டும்தான் இருக்கும்.